பாஸ்போர்ட் கடைசியில்: குரோஷிய வேர் தேடுவோருக்கு ஒரு வழிகாட்டி

2020 ஜனவரி 1-ஆம் தேதி குரோஷியாவின் குடியுரிமைச் சட்டத்தில் ஒரு பெரிய மாற்றம் நடைமுறைக்கு வந்தது. வெளிநாடு சென்று குடியேறியவர்களின் நேர்வழி வாரிசுகளுக்கு இருந்த தலைமுறை வரம்பு நீங்கியது. மொழித் தேர்வும் அவர்களுக்கு இல்லை என்றாகிவிட்டது. அதன் பிறகு, நான் வேலை பார்க்கும் நூலகத்தின் குடும்ப வரலாற்று மேசைக்கு வருகிறவர்களின் பேச்சே மாறியிருக்கிறது. "தாத்தா எந்த ஊர்க்காரர் என்று தெரிய வேண்டும்" என்று வந்தவர்கள் குறைந்து, "ஐரோப்பிய பாஸ்போர்ட்டுக்கு என்னென்ன காகிதம் வேண்டும்?" என்று வருகிறவர்கள் கூடியிருக்கிறார்கள். கேட்பதில் பிழை ஒன்றும் இல்லை. ஆனால் பாஸ்போர்ட்டில் தொடங்கும் தேடல் பெரும்பாலும் இரண்டாவது சான்றிதழோடு படுத்துவிடுகிறது. ஊரில் தொடங்கும் தேடல் அப்படி நிற்பதில்லை. முதலில் ஊர், அடுத்து வீடு, அதன்பின் இன்று உயிரோடிருக்கும் உறவு, பிறகு மொழி, எல்லாம் முடிந்து கடைசியில் காகிதம். இந்த வரிசையை மாற்றாதீர்கள் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

நான் மதுரைக்காரி. மேற்கு ஆக்லாந்தில் ஒரு டால்மேஷியக் குடும்பத்துக்கு மருமகளாக வந்தவள். டால்மேஷியா என்பது குரோஷியாவின் கடற்கரைப் பகுதி. கணவரின் கொள்ளுத்தாத்தா, மகர்ஸ்காவுக்குத் தெற்கே கடலோரம் இருக்கும் போட்கோராவிலிருந்து 1904 வாக்கில், மண்ணில் புதைந்து கிடந்த கௌரி மரப்பிசினைத் தோண்டியெடுக்க நியூசிலாந்துக்கு வந்தவர். என்னைப் போலக் குரோஷிய வம்சாவளிக் குடும்பங்களில் வாழ்க்கைப்பட்ட தமிழர்கள் ஆஸ்திரேலியாவிலும் கனடாவிலும் இருப்பார்கள். வீட்டின் பழங்கதையைக் கிளறி எடுக்கும் வேலை அநேகமாக மருமகள், மருமகன் தலையில்தான் விழும். அந்த வீட்டிலேயே பிறந்தவர்களுக்குக் கேட்கத் தோன்றாத கேள்விகள் நமக்குத் தோன்றும். கேட்டால் பெரியவர்கள் கோபித்துக்கொள்ளவும் மாட்டார்கள்.

எந்தக் காலத்தில் புறப்பட்டார்?

இதை முதலில் முடிவு செய்யுங்கள். ஆவணம் எங்கே கிடக்கிறது என்பது இதைப் பொறுத்தது.

19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் டால்மேஷியா ஆஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசின் கீழ் இருந்தது. அந்தக் கரைக்குச் சோறு போட்டவை திராட்சையும் பாய்மரக் கப்பலும். 1891-இல் வியன்னா அரசு இத்தாலியோடு செய்துகொண்ட வணிக ஒப்பந்தம் மலிவான இத்தாலிய ஒயினை உள்ளே விட்டது. அடுத்த சில ஆண்டுகளில் ஃபிலாக்ஸெரா என்ற பூச்சி வந்து கொடிகளின் வேரைத் தின்றது. நீராவிக் கப்பல்கள் பாய்மரத் தொழிலை முடித்துவைத்தன. பிள்ளைகள் கப்பலேறினார்கள். பிராச் தீவுக்காரர்கள் சிலியின் தென்கோடியில் உள்ள புந்தா அரேனாஸுக்கும் வடக்கே அன்டோஃபகஸ்டாவுக்கும் போனார்கள். மகர்ஸ்கா கரைக்காரர்களும் கோர்ச்சுலாத் தீவுக்காரர்களும் பெருமளவில் நியூசிலாந்துக்கு வந்தார்கள். அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் வட்டாரத்து இரும்பாலைகளுக்குப் போனவர்கள் 1894-இல் தொடங்கிய குரோஷிய சகோதரத்துவச் சங்கம் இன்றும் இயங்குகிறது. 2022-இல் சிலியின் அதிபராகப் பதவியேற்ற கேப்ரியல் போரிச்சின் முன்னோரும் இந்தக் கரைக்காரர்கள்தாம். சடார் நகருக்கு எதிரே உள்ள உக்லியான் தீவு அவர்களுடையது.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு போனவர்கள் வேறு வகை. அரசியல் காரணமாகத் தப்பியவர்கள், 1968-இல் மேற்கு ஜெர்மனியும், அன்று குரோஷியாவை உள்ளடக்கியிருந்த யுகோஸ்லாவியாவும் செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி வேலைக்குப் போனவர்கள், 1990-களின் போரில் வெளியேறியவர்கள் என்று பலர். இவர்களுடைய குடும்பங்களில் பெரும்பாலும் ஊர் மறந்திருக்காது. தொலைபேசி எண்ணே இருக்கும். இனி நான் எழுதுவது முக்கியமாகப் பழைய அலையில் வந்தவர்களுக்காக. அங்கேதான் நூல் அறுந்து கிடக்கிறது.

கல்லறையிலிருந்து தொடங்குங்கள்

கணினிக்கு முன்னால் உட்காரும் முன் கல்லறைத் தோட்டத்துக்குப் போங்கள். ஆக்லாந்து என்றால் வைக்குமெட்டே. தலைக்கல்லில் "இங்கே துயில்கிறார்" என்ற பொருளில் 'ஓவ்தியெ போச்சிவா' என்று தொடங்கும் வரியைத் தேடுங்கள். அதன் கீழே பிறந்த ஊரின் பெயர் பல நேரங்களில் பொறிக்கப்பட்டிருக்கும். அரசாங்கத் தாளில் வெறும் 'ஆஸ்திரியா' என்று எழுதப்பட்டவருக்குக் கூட, கல் வெட்டச் சொன்ன மனைவியோ மகனோ ஊர்ப் பெயரை விட்டிருக்க மாட்டார்கள். எழுத்து மங்கியிருந்தால் மாலை வெயில் சாய்வாக விழும் நேரத்தில் படம் எடுங்கள். பள்ளங்களில் நிழல் விழுந்து எழுத்து மேலெழும். கல்லைச் சுரண்டவோ அமிலம் ஊற்றிக் கழுவவோ வேண்டாம். பக்கத்துக் கல்லறைகளையும் படியுங்கள். ஒரே ஊர்க்காரர்கள் பக்கம் பக்கமாகத்தான் இடம் வாங்கியிருப்பார்கள்.

அடுத்தது வீட்டில் இருக்கும் மூத்தவர். என் மாமனாரின் அக்கா எண்பதைத் தாண்டியவர். அவரிடம் "உங்கள் தாத்தா எங்கே பிறந்தார்?" என்று கேட்டால் "டால்மேஷியா" என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவார். "தாத்தா யாருக்கெல்லாம் ஞானத்தந்தையாக நின்றார்? உங்கள் அப்பா கல்யாணத்தில் சாட்சிக் கையெழுத்து யார் போட்டது? ஈஸ்டருக்கு யார் வீட்டுக்குப் போவீர்கள்?" என்று கேட்டபோது பேச்சு நிற்கவில்லை. டால்மேஷியர்களிடம் 'கும்' என்ற உறவு ரத்த உறவுக்குச் சமம். ஞானத்தந்தையும் கல்யாணச் சாட்சியும் அதில் அடக்கம். பிசின் காட்டில் ஒரே கூடாரத்தில் படுத்தவர்கள், ஒரே ஊரிலிருந்து ஒரே கப்பலில் வந்தவர்கள் தாம் பெரும்பாலும் கும் ஆனார்கள். உங்கள் முன்னோரின் ஊர் தெரியாவிட்டாலும் அவருடைய கும்மின் ஊர் தெரிந்தால் பாதி வழி வந்துவிட்டீர்கள்.

அந்த அத்தையிடம் மறக்காமல் கேட்க வேண்டியது வீட்டுப் பட்டப்பெயர். ஒரு சிறிய கிராமத்தில் ஒரே குடும்பப் பெயரோடு பல வீடுகள் இருக்கும். மூத்த மகனுக்கு அப்பா வழித் தாத்தாவின் பெயரை வைக்கும் வழக்கமும் உண்டு. ஆகவே ஒரே காலத்தில், ஒரே ஊரில், ஒரே பெயரில் நான்கு மாத்தேக்கள் இருப்பது சாதாரணம். ஊரார் அவர்களை வீட்டுப் பட்டப்பெயரால்தான் பிரித்துச் சொல்வார்கள். பதிவேடுகளோ தகப்பன் பெயரைச் சேர்த்து எழுதும்: காலஞ்சென்ற அன்டேயின் மகன் மாத்தே. நம் ஊரில் இனிஷியல் செய்யும் வேலைதான். குடும்பப் பெயர், தகப்பன் பெயர், பட்டப்பெயர் மூன்றும் சேர்ந்தால்தான் ஆள் அடையாளம் உறுதியாகும். இரண்டு மட்டும் பொருந்தினால் அவசரப்பட்டு மரத்தில் கிளையை வரைந்துவிடாதீர்கள்.

பெயரும் ஊரும் மாறுவேடத்தில் இருக்கும்

குரோஷியப் பெயர்களில் 'இச்' என்று முடிபவை மிக அதிகம். அந்தக் கடைசி ஒலிக்குக் குரோஷிய மொழியில் ஒரே எழுத்து, தலையில் சாய்ந்த ஒரு சிறு கோட்டோடு. ஆங்கிலத்தில் எழுதியபோது 'சி', 'எச்' என்று இரண்டு எழுத்தானது. வடகோடி நியூசிலாந்தில் பிசின் தோண்டி, 1916-இல் முதல் ஒயினை எடுத்த யோசிப் பாபிச்சின் பெயர் இன்று பாட்டில்களில் இருப்பது அப்படித்தான். தலைக்கோடு போட்ட மற்ற எழுத்துகளும் இப்படி உருமாறின. சிலர் பெயரையே மொழிபெயர்த்துக்கொண்டார்கள். இவான் ஜான் ஆனார், யூரே ஜார்ஜ் ஆனார். தேடும்போது எல்லா வடிவத்தையும் போட்டுப் பாருங்கள்.

ஊர்களும் அப்படியே. அன்றைய காகிதங்களில் டால்மேஷியாவின் ஊர்ப் பெயர்கள் இத்தாலிய வடிவத்தில் இருக்கும். ஸ்பலாத்தோ என்றால் ஸ்பிளிட். லெசினா என்றால் ஹ்வார். குர்சோலா கோர்ச்சுலா, பிராஸ்ஸா பிராச், லிஸ்ஸா விஸ், ரகூசா டுப்ரோவ்னிக், சாரா சடார், சபியோன்செல்லோ பெல்யெஷாட்ஸ் தீபகற்பம். இந்தப் பட்டியலை ஒரு தாளில் எழுதிக் கையோடு வைத்துக்கொள்ளுங்கள். தாத்தா இத்தாலியர் போலிருக்கிறது என்று நினைத்து வருகிறவர்களுக்கு நான் முதலில் நீட்டுவது இதைத்தான்.

நியூசிலாந்தில் தேட வேண்டிய இடங்கள் மூன்று. முதலாவது, ஆவணக் காப்பகத்தில் இருக்கும் குடியுரிமைக் கோப்பு. பிரிட்டிஷ் பிரஜையாக மாற விண்ணப்பித்தவரின் பிறந்த இடம், வயது, தொழில், வந்த காலம் அதில் இருக்கும். 1898-ஆம் ஆண்டின் கௌரிப் பிசின் தொழில் சட்டம் சில பிசின் நிலங்களைப் பிரிட்டிஷ் பிரஜைகளுக்கென்று ஒதுக்கிவைத்தது. தோண்டிப் பிழைக்க வந்தவர்கள் பலர் குடியுரிமை கேட்டதற்கு அந்த நெருக்கடியும் ஒரு காரணம். இரண்டாவது, 1917-இல் எடுத்த அந்நியர் பதிவேடு. ஆஸ்திரியப் பேரரசிலிருந்து தப்பித்து வந்தவர்களையே, ஆஸ்திரியாவோடு போர் மூண்டபோது எதிரி நாட்டவர் என்று எழுதி வைத்தார்கள். அந்தப் பக்கத்தைப் படிக்கும்போது எனக்கு இன்றும் நெஞ்சு அடைக்கிறது. ஆனால் அந்த அவமானத்தால்தான் அவர்களுடைய இருப்பிடமும் வயதும் நமக்கு எழுத்தில் கிடைக்கின்றன. மூன்றாவது, பேப்பர்ஸ் பாஸ்ட் என்ற பழைய செய்தித்தாள் தொகுப்பு. தேசிய நூலகம் இலவசமாகத் தருகிறது. விளையாட்டுப் போட்டி, நீதிமன்றச் செய்தி, மரண அறிவிப்பு என எதையும் விடாதீர்கள்.

இன்னொரு குறிப்பு. பிசின் காடுகளில் டால்மேஷியர்களும் மாவோரி மக்களும் பக்கத்துப் பக்கத்தில் வாழ்ந்து மணம் முடித்தார்கள். மாவோரி மொழியில் இவர்களுக்கு 'தாராரா' என்று பெயர். கணவர் குடும்பத்தின் ஒரு கிளையும் அப்படிப்பட்டது. டால்மேஷியப் பக்கம் கதை மறந்துபோன இடங்களில் மாவோரிப் பக்கத்து உறவினர்கள் பெயர் பெயராகச் சொல்வார்கள். வம்சாவளியை வாய்மொழியாகக் காப்பது அவர்கள் மரபு. அவர்களை விட்டுவிட்டு எழுதும் குடும்ப வரலாறு அரைகுறையானது மட்டுமல்ல, நியாயமற்றதும் கூட.

பங்குக் கோயிலின் ஏடுகள்

ஊர் உறுதியானதும் குரோஷியப் பதிவேடுகளுக்குப் போகலாம். 1946-க்கு முன்புவரை டால்மேஷியாவில் பிறப்பு, மணம், இறப்பு மூன்றையும் எழுதி வைத்தது பங்குக் கோயில், அதாவது ஊரின் கத்தோலிக்கத் தேவாலயம். ஃபேமிலிசர்ச் தளத்தில் குரோஷியாவின் திருச்சபை ஏடுகள் படங்களாக இருக்கின்றன. கணக்குத் தொடங்கக் கட்டணம் இல்லை. சில ஏடுகளை இணைப்பு பெற்ற நூலகத்தில் உட்கார்ந்து மட்டுமே பார்க்க முடியும். பழைய ஏடுகள் பலவும் ஸ்பிளிட், சடார், டுப்ரோவ்னிக் அரசு ஆவணக் காப்பகங்களில் உள்ளன. பிந்தியவை 'மாட்டிச்னி உரெட்' எனப்படும் பதிவு அலுவலகத்தில் இருக்கும்; போட்கோராவுக்கு அது மகர்ஸ்காவைச் சேர்ந்தது.

மொழி லத்தீனாக இருக்கலாம், இத்தாலியனாக இருக்கலாம், குரோஷியமாக இருக்கலாம். பாதிரியார் மாறினால் மொழியும் மாறும். எல்லாச் சொல்லும் தெரிய வேண்டியதில்லை. பிறந்தார், மணந்தார், இறந்தார், காலஞ்சென்ற, மகன், மகள் ஆகிய சொற்கள் மூன்று மொழியிலும் எப்படி இருக்கும் என்று பழகினால் போதும். ஒரே பாதிரியாரின் கையெழுத்தைத் தொடர்ந்து சில பக்கங்கள் படித்தால் கண் பழகிவிடும்.

ஞானஸ்நான ஏட்டைவிட எனக்குப் பிடித்தது 'ஸ்டானியெ டூஷா' என்ற குடும்ப ஏடு. வீட்டுக்கு ஒரு பக்கம் என்று பாதிரியார் எழுதி வைத்தது. தாத்தா, பாட்டி, மகன்கள், அவர்கள் மனைவியர் எந்த ஊரிலிருந்து வந்தவர்கள், எந்தக் குழந்தை பிறந்த மாதமே போனது என்று எல்லாம் ஒரே தாளில். போனவர்களின் பெயருக்கு எதிரே வேறு மையில் சிறு குறிப்பு இருக்கும்: அமெரிக்காவில். பாதிரியாருக்கு எந்தக் கடலைத் தாண்டினாலும் அமெரிக்காதான் போலிருக்கிறது. இந்த ஏடு எல்லா ஊருக்கும் இணையத்தில் கிடைக்காது. பங்குக் கோயிலில்தான் இருக்கும். அதற்குக் கடிதம் எழுத வேண்டும்.

1944 முதல் 1946 வரை உங்கள் ஊர் ஏட்டில் வெற்றிடம் தெரிந்தால் குழம்ப வேண்டாம். ஜெர்மன் படைக்கு அஞ்சி டால்மேஷியாவிலிருந்து வெளியேற்றப்பட்ட சுமார் 30,000 பேர் எகிப்தின் சினாய் பாலைவனத்தில் எல் ஷாட் என்ற கூடார முகாமில் இருந்தார்கள். அங்கே பிறந்தார்கள், மணம் முடித்தார்கள், அங்கேயே புதைக்கவும்பட்டார்கள். மகர்ஸ்கா கரைக் குடும்பம் என்றால் அந்தப் பெயரை மூத்தவர்களிடம் சொல்லிப் பாருங்கள்.

மரபணுப் பரிசோதனை பற்றிக் கேட்பார்கள். தூரத்து உறவினரைக் கண்டுபிடிக்க உதவலாம், ஊரைச் சொல்லாது.

கடிதம்

பாதிரியாருக்கு மின்னஞ்சல் அனுப்பிப் பதில் வரவில்லை என்று சலித்துக்கொள்கிறவர்கள் பலர். ஒரே பாதிரியார் இரண்டு மூன்று ஊர்களுக்குப் பூசை செய்கிறார். தாளில் எழுதுங்கள், குரோஷிய மொழியில் எழுதுங்கள், சுருக்கமாக எழுதுங்கள். உங்கள் ஊர்ச் சங்கத்தில் யாராவது மொழிபெயர்த்துத் தருவார்கள். ஆக்லாந்தில் டால்மேஷியப் பண்பாட்டுச் சங்கம் இருக்கிறது. நான் எழுதிக் கொடுக்கும் கடிதத்தின் சாரம் இது:

"வணக்கத்துக்குரிய தந்தைக்கு. இயேசுவுக்கும் மரியாளுக்கும் புகழ். நாங்கள் நியூசிலாந்தில் வசிக்கிறோம். எங்கள் கொள்ளுத்தாத்தா, காலஞ்சென்ற அன்டேயின் மகன் மாத்தே, 1904 வாக்கில் உங்கள் பங்கிலிருந்து புறப்பட்டவர். வீட்டுப் பட்டப்பெயர் இன்னது என்று எங்கள் அத்தை சொல்கிறார். அவருடைய குடும்பப் பக்கத்தின் நகல் கிடைத்தால் நன்றியுடையவர்களாக இருப்போம். அந்த வீட்டார் யாரேனும் ஊரில் இருந்தால் இந்தக் கடிதத்தை அவர்களிடம் கொடுக்க வேண்டுகிறோம். நிலம், வீடு பற்றி எங்களுக்கு எந்தக் கேள்வியும் இல்லை. உறவு தெரிந்தால் போதும்."

கடைசி இரண்டு வாக்கியங்களை விட்டுவிடாதீர்கள். டால்மேஷியாவில் ஏராளமான நிலம் இன்னும் நூறாண்டுக்கு முன் கப்பலேறியவர்களின் பெயரிலேயே கிடக்கிறது. ஒரு சின்ன ஆலிவ் தோட்டத்துக்கு நாற்பது ஐம்பது பங்குதாரர்கள் இருப்பார்கள். பாதிப் பேர் தென் அரைக்கோளத்தில் புதைக்கப்பட்டவர்கள். கடலோர நிலத்தின் விலை ஏறியதும் உறவு கொண்டாடி வந்தவர்களை அந்த ஊர் பார்த்திருக்கிறது. ஆகவே அந்நிய முத்திரையோடு கடிதம் வந்தால் முதலில் பயம்தான் வரும். அதைத் தணிக்க வேண்டியது நம் கடமை. நிலத்தில் உண்மையாகவே உங்களுக்குப் பங்கிருந்தால் அதையும் ஒருநாள் பேச வேண்டித்தான் வரும். நிலப் பதிவேடுகளை இணையத்திலேயே பார்க்கலாம். வாரிசு விசாரணை நோட்டரி முன்னிலையில் நடக்கும். ஆனால் முதல் கடிதத்திலோ முதல் சந்திப்பிலோ அந்தப் பேச்சு வேண்டாம்.

ஊருக்குப் போகும்போது

ஜூலை, ஆகஸ்ட்டில் போகாதீர்கள். கடலோர ஊர்களில் வீட்டுக்கு வீடு அறை வாடகைக்கு விட்டு, ஆண்டு வருமானத்தை அந்த இரண்டு மாதத்தில் சம்பாதிக்கிறார்கள். உங்களோடு உட்காரக் கூட நேரம் இருக்காது. அக்டோபரில் போங்கள். ஆலிவ் பறிக்கும் காலம் அது. வலையை விரித்து, கையாலும் சிறு சீப்பாலும் காயை உருவி விழச் செய்வார்கள். நீங்களும் ஒரு மரத்தின் கீழ் நில்லுங்கள். கை வேலையில் இருக்கும்போதுதான் பழங்கதை வாயில் வரும். ஒலிப்பதிவுக் கருவியை மேசையில் வைத்துக் கேட்டால் வராது. மாத இறுதிவரை தங்க முடிந்தால் நவம்பர் 1-ஆம் தேதி சகல புனிதர் திருநாளுக்குக் கல்லறைக்குப் போகலாம். ஊரே சாமந்திப் பூவோடும் கண்ணாடிக் கூட்டு மெழுகுவர்த்தியோடும் அங்கே இருக்கும். எந்தக் கல்லறை யாருடையது என்று சொல்ல ஒருவர் இல்லாமல் போகமாட்டார்.

உறவினர் வீட்டுக்கு வெறுங்கையோடு போக வேண்டாம். ஒரு பொட்டலம் காப்பித்தூள், ஒரு பெட்டி சாக்லேட் என்பது அங்கே எழுதப்படாத சட்டம். நான் மதுரையிலிருந்து வரவழைத்த காப்பித்தூளைக் கொண்டுபோனேன். அது என்ன, எங்கிருந்து வந்தது என்ற விசாரிப்பிலேயே ஒரு முன்மாலை போய்விட்டது. அங்கே உங்கள் பெயரை யாரும் முதலில் கேட்க மாட்டார்கள். யார் வீட்டுப் பிள்ளை என்றுதான் கேட்பார்கள். அப்போது பட்டப்பெயரைச் சொல்லுங்கள். சொன்ன உடனே எதிரே இருப்பவரின் முகம் மாறுவதைப் பார்ப்பீர்கள். கடை வாசலில் நின்ற ஒரு முதியவர் என் கணவரின் மணிக்கட்டைப் பிடித்து, நெற்றியிலிருந்து தாடைவரை பார்த்துவிட்டு, "ஆமாம், அந்த வீட்டு நெற்றி" என்றார். எந்தச் சான்றிதழும் அந்த உறுதியைத் தந்ததில்லை.

இன்றைய போட்கோரா கடலோரத்தில் இருக்கிறது. கொள்ளுத்தாத்தா புறப்பட்ட போட்கோரா அதுவல்ல. பழைய குடியிருப்புகள் மேலே, பியோகோவோ மலையின் சரிவில் இருந்தன. 1962 ஜனவரியில் அடுத்தடுத்து வந்த நிலநடுக்கங்கள் அவற்றைச் சிதைத்தன; மக்கள் கீழே இறங்கிக் கடலோரத்தில் வீடு கட்டிக்கொண்டார்கள். துச்செப்பி, இக்ரானே போன்ற பக்கத்து ஊர்களின் கதையும் இதேதான். ஆகவே முன்னோர் வீட்டைத் தேடுகிறவர்கள் கடலைப் பார்த்து நிற்காமல் மலையைப் பார்த்து நடங்கள். நல்ல காலணி வேண்டும். உறவினர் ஒருவர் உடன் வர வேண்டும். கூரை இடிந்த சுவர்களில் எது யாருடையது என்று அவர்களுக்குத்தான் தெரியும். கூரையில்லாத வீட்டுக்குள் அத்திமரம் முளைத்திருக்கும். வாசல் கல்லின் நடுப்பகுதி கால்பட்டுத் தேய்ந்திருக்கும். மகளை அந்தக் கல்லில் நிற்க வைத்துப் படம் எடுத்தோம். சுவரில் ஏறாதீர்கள், சுண்ணாம்பு பிடிப்பு விட்டிருக்கிறது.

எந்தப் பெயரால் அழைப்பது?

ஒரே மனிதர் கப்பல் பட்டியலில் ஆஸ்திரியர், 1918-க்குப் பிறகான காகிதங்களில் செர்பிய, குரோஷிய, ஸ்லோவேனிய அரசின் பிரஜை, பிறகு யுகோஸ்லாவியர். அவரே தன்னை டால்மேஷியர் என்றுதான் சொல்லிக்கொண்டார். பேரன் குரோஷியர் என்கிறார். இதில் எதுவும் பொய்யல்ல. 1991-இல் குரோஷியா தனிநாடானபோது, ஒரே குடும்பத்தில் கூட இந்தப் பெயர்களுக்காக மனத்தாங்கல் வந்தது. ஆகவே வயதானவர்களிடம் பேசும்போது அவர் எந்தப் பெயரைச் சொல்கிறாரோ அதையே சொல்லுங்கள். திருத்தாதீர்கள்.

சின்னங்களில் இன்னும் கவனம் வேண்டும். 1941 முதல் 1945 வரை நாஜிகளின் துணையோடு ஆட்சி செய்த உஸ்தாஷா அரசு யூதர்களையும் செர்பியர்களையும் ரோமா மக்களையும் கொன்று குவித்தது. அந்தக் காலத்து முழக்கங்களும் சின்னங்களும் வெளிநாட்டுக் குரோஷியக் கூட்டங்கள் சிலவற்றில் இன்றும் தலைகாட்டுவதுண்டு. பிள்ளைகளுக்குச் சட்டை வாங்கும் முன்பும் பாட்டு வரியை மனப்பாடம் செய்யும் முன்பும் அது எந்தக் காலத்தது என்று விசாரியுங்கள். 1942 செப்டம்பர் 10-ஆம் தேதி பாசிச எதிர்ப்புப் படையின் முதல் கடற்படைப் பிரிவு தொடங்கியது இதே போட்கோராவில்தான். மேட்டில் நிற்கும் கடற்காக்கைச் சிறகு நினைவுச்சின்னம் அதற்காக எழுப்பியது. அந்த ஊர்ப் பிள்ளை தன் ஊரின் முழு வரலாற்றையும் தெரிந்துகொள்ளட்டும்.

மொழி

நோனா, டிடா, அதாவது பாட்டியும் தாத்தாவும், பேசிய மொழி நூறாண்டுக்கு முந்திய கடற்கரை வழக்கு. தலைநகர் சாக்ரெபில் சொல்லித்தரும் பொதுமொழி வேறு. இரண்டும் வேண்டும். பொதுமொழிக்கு சாக்ரெப் பல்கலைக்கழகத்தின் குரொவாட்டிகும் மையம் 1962 முதல் பாடம் நடத்துகிறது. வெளிநாட்டுக் குரோஷியர்களுக்கான அரசு அலுவலகம் வாரிசுகளுக்கு மொழி உதவித்தொகை அறிவிக்கிறது. 1951-இல் தொடங்கிய குரோஷியப் புலம்பெயர்ந்தோர் நிறுவனமான மாட்டிட்ஸா, கோடைகாலத்தில் சிறுவர்களுக்கும் பள்ளி நடத்துகிறது. பாட்டியின் சொற்களுக்குத் தனியே ஒரு நோட்டுப் புத்தகம் போடுங்கள். சிறியவர்களுக்கு மொழியைவிட முன்னதாகப் பாட்டு ஏறும். கிளாபா என்ற டால்மேஷியக் கூட்டுப்பாடல் 2012-இல் யுனெஸ்கோ பட்டியலில் இடம்பெற்றது. இசைக்கருவி இல்லாமலே பாடுவதால் வீட்டில் பாடிப் பழகலாம்.

இனி, காகிதம்

இந்த நிலையில் விண்ணப்பத்துக்கு வேண்டியதில் பெரும்பகுதி உங்கள் கையில் வந்திருக்கும். 1991 அக்டோபர் 8-க்கு முன் நிரந்தரமாகக் குடியேறும் எண்ணத்தோடு குரோஷிய மண்ணிலிருந்து வெளியேறியவரைத்தான் சட்டம் புலம்பெயர்ந்தவர் என்று கொள்கிறது. அன்று ஒரே கூட்டாட்சிக்குள் இருந்த பிற பகுதிகளுக்குப் போனவர்கள், உதாரணமாக அப்போது செர்பியாவுக்கோ ஸ்லோவேனியாவுக்கோ போனவர்கள், இந்தப் பிரிவில் வரமாட்டார்கள்.

முன்னோரின் பிறப்புப் பதிவு, அவரிலிருந்து உங்கள்வரை ஒரு கண்ணியும் விடாமல் பிறப்பு, திருமணச் சான்றிதழ்கள், அவர் வெளியேறியதற்கான ஆதாரம், குற்றப் பதிவுச் சான்றிதழ், சுயவரலாறு ஆகியவை அடிப்படை. கப்பல் பட்டியல், குடியுரிமைக் கோப்பு, அந்நியர் பதிவேடு ஆகியவற்றை இங்கே பயன்படுத்தலாம். வெளிநாட்டுச் சான்றிதழ்களுக்கு, அவை உண்மையானவை என்று வழங்கிய நாடு உறுதிசெய்யும் அப்போஸ்டில் முத்திரை வேண்டும். குரோஷிய நீதிமன்றம் அங்கீகரித்த மொழிபெயர்ப்பாளரைக் கொண்டு மொழிபெயர்க்க வேண்டும். வரிசை முக்கியம்: முதலில் சான்றிதழ், அடுத்து அப்போஸ்டில், அதன்பின் மொழிபெயர்ப்பு. முத்திரையையும் சேர்த்துத்தான் மொழிபெயர்ப்பார்கள். குற்றப் பதிவுச் சான்றிதழ் புதியதாக இருக்க வேண்டும் என்பதால் அதை எல்லாவற்றுக்கும் பின் வாங்குங்கள். பெயர் எழுத்து மாறியிருக்கும் இடங்களைத் தனித்தாளில் விளக்கி இணையுங்கள். விண்ணப்பத்தைத் தூதரகத்தில் நேரில் கொடுக்க வேண்டும். முடிவெடுப்பது சாக்ரெபில் உள்ள உள்துறை அமைச்சகம். தூதரகம் தரும் பட்டியலை முதலில் கேட்டு வாங்கி அதன்படி அடுக்குங்கள். பதில் வர நீண்ட காலம் ஆகும். இடையில் யாரும் எதையும் கேட்கவில்லை என்பதற்காக மனம் தளர வேண்டாம்.

சுயவரலாற்றுப் பக்கத்தில்தான் நான் சொன்ன வரிசையின் பயன் தெரியும். காகிதம் மட்டும் சேர்த்தவர்களுக்கு அங்கே இரண்டு வரிக்கு மேல் எழுத வராது. ஊர், வீடு, உறவு, பாட்டு, ஆலிவ் தோட்டம் என்று வாழ்ந்தவர்களுக்கு ஒரு தாள் போதாது.

குடியுரிமை வந்ததும் டோமோவ்னிட்ஸா என்ற குடியுரிமைச் சான்றிதழ், 11 இலக்கத் தனி அடையாள எண், அதன்பிறகு பாஸ்போர்ட். வாக்குரிமையும் உண்டு, நாட்டுக்கு வெளியே வாழ்பவர்களுக்கென்று நாடாளுமன்றத்தில் 3 இடங்கள் ஒதுக்கப்பட்டிருக்கின்றன.

வாழ்க்கைத்துணைக்கும் இதே பிரிவில் விண்ணப்பிக்க வழி இருக்கிறது. ஆனால் இந்தியக் குடியுரிமை வைத்திருப்பவர்கள் நன்றாக யோசியுங்கள். இந்தியா இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. குரோஷியக் குடியுரிமை கையில் வந்த அன்றே இந்தியக் குடியுரிமை போய்விடும். வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கான ஓசிஐ அட்டை எடுத்துக்கொள்ளலாம், ஆனால் அதில் வாக்குரிமை இல்லை, விவசாய நிலம் வாங்க முடியாது. கணவரும் மகளும் விண்ணப்பித்தார்கள், நான் விண்ணப்பிக்கவில்லை. ஐரோப்பிய நாடுகளின் பொது விசா வட்டமான ஷெங்கனுக்குள் குரோஷியா 2023 ஜனவரி 1-இல் வந்துவிட்டதால் இந்தியப் பாஸ்போர்ட்டில் போகும் எனக்கு ஷெங்கன் விசா வேண்டும். உறவினர் வீட்டில் தங்குவதாக இருந்தால், அவர் நோட்டரி முன் கையெழுத்திட்டு அனுப்பும் பொறுப்புக் கடிதம் விசா விண்ணப்பத்துக்கு உதவும். அக்டோபர் பயணத்துக்கு அதை மே மாதமே கேட்டு வையுங்கள். கோடை தொடங்கிவிட்டால் நோட்டரி அலுவலகம்வரை போய்வர அவருக்கு நேரம் கிடைக்காது.